தண்ணீர் வருமுன் காலாவதியான ஒரு சட்டப் பிரிவு

அவையில் கூடியிருக்கும் உழவர் பெருமக்களுக்கும் வேளாண் கல்லூரி மாணவர்களுக்கும் என் வணக்கம்.

1956 ஏப்ரல் 11 அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கொலராடோ ஆற்றின் மேற்படுகையில் பெரிய அணைகளைக் கட்டி, வயோமிங், யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்களில் புதிய நிலங்களைப் பாசனத்துக்குக் கொண்டுவரும் சட்டம் அது. ஏழு வாரம்கூட ஆகவில்லை, மே 28 அன்று அதே அதிபர் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். விளைச்சல் கிடங்குகளில் தேங்கிவிட்டது. நிலத்தைத் தரிசாகப் போடும் விவசாயிக்கு அரசு பணம் தரும் என்றது அந்தச் சட்டம். ‘மண் வங்கி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தேங்கிய தானியத்தின் ஒரு பகுதி நம் பக்கமும் வந்தது. அமெரிக்க உபரி விளைபொருளை வெளிநாடுகளுக்குத் தரும் சட்டம் பி.எல். 480. அதன்கீழ் அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியா முதல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ரூபாயில் விலை கொடுத்துக் கோதுமையும் அரிசியும் பருத்தியும் வாங்கினோம்.

இந்த முரண்பாடு அங்கே யாருக்கும் தெரியாமல் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தில் விவாதித்தார்கள், சண்டை போட்டார்கள், அணைச் சட்டத்துக்குள்ளேயே ஒரு கடிவாளமும் போட்டார்கள். இன்று உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தக் கடிவாளத்தைப் பற்றித்தான்.

சட்டத்தின் 4ஆம் பிரிவில் அது இருக்கிறது. கோதுமை, மக்காச்சோளம், பருத்தி, நெல், நிலக்கடலை, புகையிலை ஆகிய ஆறும் அந்நாட்டுச் சட்டத்தில் ‘அடிப்படை விளைபொருட்கள்’. இவற்றில் எது அளவுக்கு மீறிக் கையிருப்பில் இருக்கிறதோ, அதைப் புதிதாகப் பாசனம் பெறும் நிலத்தில் பயிரிட இந்தத் திட்டத் தண்ணீர் தரப்படாது. படித்தால் நியாயமாக இருக்கிறது. ஆனால் தடைக்கு ஒரு காலவரம்பு வைத்தார்கள்: சட்டம் இயற்றப்பட்ட நாளிலிருந்து பத்து ஆண்டு. தண்ணீர் வந்த நாளிலிருந்து அல்ல, கையெழுத்தான நாளிலிருந்து!

அணை கட்டுவது எத்தனை ஆண்டு வேலை என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தின் தலையாய அணை கிளென் கேன்யன். 1956 அக்டோபரில் வேலை தொடங்கியது. கடைசிக் கான்கிரீட் போட்டது 1963 செப்டம்பரில். அதன் நீர்த்தேக்கம் முதன்முறையாக முழுதும் நிரம்பியது 1980-ல். கிளைத் திட்டங்கள் பல அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டிருந்தன. தடையோ 1966-லேயே முடிந்துபோயிற்று. பல வாய்க்கால்களில் தண்ணீர் ஓடத் தொடங்கும் முன்பே, அந்தத் தண்ணீரைக் கட்டுப்படுத்த எழுதிய பிரிவு செத்துவிட்டது. உபரிக்கு எதிராக வாக்களித்தோம் என்று உறுப்பினர்கள் தொகுதியில் சொல்லிக்கொள்ளலாம். வயலில் அதனால் எதுவும் மாறாது.

மேற்படுகையின் பெரும்பகுதி உயரமான குளிர்நிலம். அங்கே அதிகம் விளைவது மாட்டுக்கு வைக்கோற்புல்லும் குதிரைமசாலும்தான். அவை ஆறு பயிர்ப் பட்டியலில் இல்லை. ஆகவே தடை உயிரோடிருந்த காலத்திலும் அங்கே அதற்குப் பெரிதாக வேலை இல்லை.

முரண்பாடு 1956-ல் முளைத்ததும் அல்ல. 1933-க்குப் போவோம். பெருமந்தக் காலம், விளைபொருள் விலை அதலபாதாளத்தில் கிடக்கிறது. வேளாண் துறைச் செயலர் ஹென்றி வாலஸின் துறை, காய் வைத்து நின்ற பருத்தியை உழுது அழிக்க விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. ஏறத்தாழ 1 கோடி ஏக்கர். 60 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். அதே கோடையில், அரசுப் பாசன அணைகளைக் கவனித்த உள்துறையின் செயலர் ஹரோல்ட் இக்கீஸின் பொறுப்பில், கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணைக்கு 6 கோடியே 30 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. 10 லட்சம் ஏக்கருக்கு மேல் புதிதாகப் பாசனம் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. வேலையில்லாதவருக்கு வேலை வேண்டும், மின்சாரம் வேண்டும், பாசனம் வருவதற்குள் சந்தை சீராகிவிடும் என்று அணையை ஆதரித்தவர்கள் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். போர்க்காலத்தில் அந்த மின்சாரம் அலுமினிய ஆலைகளை ஓட்டியது. ஆனால் உழுது அழித்த பருத்திக்கான விலையைக் கொடுத்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அரசுப் பணம் நிலவுடைமையாளர் கைக்குப் போயிற்று. அதில் வாரதாரருக்குப் பங்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. பல இடங்களில் அது அவர் கைக்கு வரவே இல்லை. சாகுபடிப் பரப்பு குறைந்ததும், இத்தனை குடும்பம் எதற்கு என்று வாரதாரர்களை வெளியேற்றினார்கள். 1934 ஜூலையில் ஆர்க்கன்சா மாநிலத்தின் டைரான்சா என்ற சிற்றூரில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து தென்பகுதி வாரக் குடியானவர் சங்கத்தைத் தொடங்கியது இதனால்தான். அந்த நாளில், அந்த மண்ணில், இரு நிறத்தவரும் ஒரே அறையில் கூடிச் சங்கம் அமைப்பது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். உபரிக் கொள்கை என்று ஏட்டில் எழுதும்போது இந்த மனிதர்கள் அதற்குள் தெரிவதில்லை. அவர்களை விட்டுவிட்டு இந்தக் கணக்கை நான் போட மாட்டேன்.

இனி தண்ணீரின் விலை. 1902-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பாசனச் சட்டம் அரசு நீரை ஒருவருக்கு 160 ஏக்கருக்கு மட்டும் என்று வரையறுத்தது. கட்டுமானச் செலவை விவசாயிகள் வட்டியில்லாமல் பத்து ஆண்டில் திருப்பித் தர வேண்டும். அந்தப் பத்து 1914-ல் இருபதானது, 1926-ல் நாற்பதானது. 1939-க்குப் பிறகு, விவசாயியால் எவ்வளவு கட்ட முடியுமோ அவ்வளவு கட்டினால் போதும், மீதியை மின்சார வருமானம் பார்த்துக்கொள்ளும் என்றாயிற்று. சிறு குடும்பம் பிழைக்க இந்தச் சலுகை என்றால் நான் எழுந்து நின்று ஆதரிப்பேன். கலிபோர்னியாவின் வெஸ்ட்லாண்ட்ஸ் பாசன மாவட்டத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர், பெரும்பண்ணைகளின் நாடு. 1963-ல் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு ஏக்கர் அடி நீருக்கு, அதாவது 12 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீருக்கு, 8 டாலர் என்று பல பத்தாண்டுகளுக்கு விலையைப் பூட்டிவிட்டார்கள். அங்கே நெடுங்காலம் முதன்மைப் பயிர் பருத்தி. உபரிப் பட்டியலில் உள்ள பருத்தி!

நாட்டின் மொத்தச் சாகுபடியில் அரசுப் பாசன நிலம் சிறு பங்குதானே, அதனாலா உபரி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. மொத்தக் கணக்கில் அது சரி. பருத்தியில் சரியில்லை. மானாவாரியில் பருத்தி போட்ட தென்மாநில விவசாயி தன் பரப்பைக் குறைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், பாசனப் பருத்தியால் கலிபோர்னியா டெக்சாசுக்கு அடுத்த இடத்துக்கு ஏறியது.

1983 ஜனவரியில் அதிபர் ரீகன் அறிவித்த திட்டத்தில் நிலைமை உச்சத்துக்குப் போனது. தரிசு போட்டவருக்குப் பணத்துக்குப் பதில் அரசுக் கிடங்கிலிருந்தே தானியமும் பருத்தியும் அள்ளிக் கொடுத்தார்கள். எல்லாத் திட்டங்களையும் சேர்த்து அந்த ஆண்டு 7 கோடி ஏக்கருக்கு மேல் தரிசு. அதற்கு முந்தைய ஆண்டுதான், 160 ஏக்கர் வரம்பை 960 ஆக உயர்த்தும் சட்டம் நிறைவேறியிருந்தது.

மானிய நீரா, உபரி விளைச்சலுக்கு அரசு தரும் ஆதரவு விலையா, இரண்டில் ஒன்றை விவசாயி தேர்ந்துகொள்ளட்டும் என்ற யோசனை 1980-களில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பெரும்பண்ணைகளின் எதிர்ப்பில் அது நிற்கவில்லை. அதைவிட எளிய வழி ஒன்று 1956 சட்டத்திலேயே இருந்தது என்பது என் கருத்து. ‘சட்டம் இயற்றப்பட்ட நாளிலிருந்து’ என்ற இடத்தில் ‘அந்த நிலத்துக்கு முதல் தண்ணீர் விட்ட நாளிலிருந்து’ என்று எழுதியிருக்கலாம். பத்தாண்டு வரம்பையும் எடுத்துவிட்டு, கிடங்கு நிரம்பிய ஆண்டில் தடை விழும், காலியான ஆண்டில் தானே விலகும் என்று வைத்திருக்கலாம். வேளாண் துறையிடம் கையிருப்புக் கணக்கு ஆண்டுதோறும் இருந்தது. மதகைத் திறக்கும் துறை அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைச் சட்டத்தில் நிரந்தரமாக எழுதி வைத்திருந்தால் போதும்.