ஐரிஷ் கடலும் அதன் கலக்கக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். ஆழங்குறைந்த கடல்களின் நீரோட்டத்தைக் கணிப்பொறியில் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பேச வந்திருக்கிறேன். பொதுப்படச் சொல்வதைவிட, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள ஐரிஷ் கடலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அட்லாண்டிக்கிலிருந்து நாளுக்கு இருமுறை அங்கே ஓதம் ஏறி இறங்குகிறது. அந்த ஓதத்தின் ஆற்றல் அங்கே எவ்வளவு தேய்கிறது என்பதை பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1919-இல் இரண்டு வழிகளில் கணக்கிட்டார்: கடல்தரையில் நீர் உராய்வதைக் கொண்டு ஒன்று, கடல்வாய்களில் நுழையும் ஆற்றலையும் வெளியேறும் ஆற்றலையும் கொண்டு மற்றொன்று. இரு விடைகளும் நெருங்கி வந்தன. உராய்வு விசை வேகத்தின் இருமடியாகவும், அதனால் இழக்கப்படும் ஆற்றல் மும்மடியாகவும் வளர்வதுதான் இதன் உயிர்நாடி.

1974-இல் கடலியலாளர்கள் சிம்ப்சனும் ஹன்டரும் இதே மும்மடியைக் கோடைக்காலத்துக்குப் பயன்படுத்தினார்கள். வெயில் மேல்நீரைச் சூடாக்கி அடுக்குப் பிரிக்கிறது. ஓதம் தரையில் உராய்ந்து கிளப்பும் கொந்தளிப்பு அந்த அடுக்கைக் கலைக்கிறது. எது வெல்லும் என்பதை ஆழத்தை வேகத்தின் மும்மடியால் வகுத்தே ஓரளவு சொல்லிவிடலாம். 80 மீட்டர் ஆழத்தில் நீர் விநாடிக்கு 1 மீட்டர் ஓடினால் ஈவு 80. அரை மீட்டர் ஓடினால் 640. முதல் இடம் கோடையிலும் மேலும் கீழும் கலந்தே கிடக்கும், இரண்டாவது இடம் அடுக்குகளாகப் பிரியும். இத்தனை எளிய வகுத்தல் இவ்வளவு தூரம் பலிப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கணிப்பொறியில் ஓடும் எண்முறை மாதிரியோ கடலைக் கட்டங்களாக வெட்டி, நேரத்தையும் சிறு சிறு படிகளாக நகர்த்திக் கணக்கிடுகிறது. 100 மீட்டர் ஆழத்தில் ஓதம் போன்ற நீளலை விநாடிக்குச் சுமார் 31 மீட்டர் ஓடுவதால், 1 கிலோமீட்டர் கட்டத்தில் முந்தைய படியின் மதிப்புகளைக் கொண்டே அடுத்த படியைப் பெறும் நேரடி முறையில் கணக்கிடும்போது ஒவ்வொரு காலப்படியும் ஏறத்தாழ அரை நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். மீறினால் கணக்கு வெடித்துச் சிதறும். அதையாவது உடனே கண்டுகொள்ளலாம். கொந்தளிப்புதான் பெருந்தொல்லை. அதன் சுழிகள் சென்டிமீட்டர் அளவுக்கும் சிறுத்துவிடுவதால் எந்தக் கட்டத்திலும் சிக்குவதில்லை. ஆகவே சுழிகளை விட்டுவிட்டு, கொந்தளிப்பின் இயக்க ஆற்றல், அது அழியும் வீதம் என்னும் இரண்டுக்கு மட்டும் சமன்பாடு எழுதி, மேல்கீழ்க் கலப்பின் வலிமையை அவற்றிலிருந்து பெறுகிறார்கள்.

இதில் பிசகினாலும் மாதிரி தரும் படம் அழகாகவே இருக்கும். செயற்கைக்கோள் காண்பது மேற்பரப்பின் வெப்பத்தை மட்டுந்தான். அது பொருந்திவிட்டதென்று பலர் திருப்தியடைகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அடிநீரை. மேற்கு ஐரிஷ் கடலில் ஓதம் மெலிந்த பகுதியில் கோடை முழுவதும் குளிர்நீர் ஒரு மேடுபோல அடியில் தங்குகிறது; அதைச் சுற்றி இடஞ்சுழியாக ஓர் ஓட்டம் உருவாகிறது. கீழேயுள்ள சேற்றுத்தரையில் நார்வே சிங்கி இறால் வாழ்கிறது. அதன் மிதக்கும் இளங்குஞ்சுகள் சேற்றை விட்டு வெகுதூரம் போகாமலிருக்க அந்தச் சுழலோட்டம் உதவுகிறது. மாதிரி சற்றே மிகையாகக் கலக்கிவிட்டால் குளிர்மேடு கரையும், சுழலோட்டம் மறையும். கணிப்பொறியில் அந்தக் குஞ்சுகள் சேறே இல்லாத இடத்தில் போய் இறங்கும்.