நுண்கடன் ஆட்கள் வீட்டுக்கு வந்து ஏசினால் அது மனித உரிமை மீறலா?

சரி, அடுத்த கேள்வி முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு அக்கா அனுப்பியது. நுண்கடன், அதாவது சின்னச் சின்னக் கடன் கொடுக்கும் கம்பனி ஆட்கள் பொழுதுபட்ட பிறகு வாசலில் வந்து நின்று அயலட்டை கேட்க ஏசினார்களாம், கட்டாவிட்டால் உள்ளே போடுவோம் என்றும் வெருட்டினார்களாம். பொலிசுக்குப் போனால், இது கடன் விஷயம், இதில் எங்களுக்கு வேலையில்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். விடாமல் நின்று கேட்ட பிறகு ஏதோ சிங்களத்தில் எழுதி, வாசித்துக்கூடக் காட்டாமல் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இது மனித உரிமை மீறலா, எங்கே போவது என்று கேட்கிறார்.

அக்கா, இதில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பனிக்காரன் ஏசியது, வெருட்டியது குற்றமாகலாம், அதற்குச் சாதாரண சட்டமே இருக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு, அதாவது அரசு உங்கள் உரிமையை மீறிவிட்டது என்று நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் போடும் மனு, அவன்மேல் போட முடியாது. ஏனென்றால் எங்கள் இலங்கை அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை பேசுவது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலால் வந்த மீறலைப் பற்றி, அதாவது அரசும் அதன் அதிகாரிகளும் செய்வதைப் பற்றி.

அப்ப உங்களுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் பொலிஸ் வாசலில்தான் இருக்கிறது. மனித உரிமைச் சட்டத்தில் அரசுக்கு மூன்று கடமை: தான் மீறக்கூடாது, இன்னொருவர் மீறினால் காப்பாற்ற வேண்டும், அந்த உரிமையை ஆட்கள் அனுபவிக்க வழி செய்து கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு மனித உரிமை என்றதும் காணாமல் ஆக்கப்பட்டோரும் இராணுவம் பிடித்த காணியும்தான் நினைவுக்கு வரும். 2017இல் காணிக்காகக் கேப்பாப்புலவிலும் காணாமல் ஆக்கப்பட்டோருக்காகக் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியிலும் சனம் இருந்த போராட்டத்தை யார் மறப்பது, அந்த நினைவு நியாயம்தான். ஆனால் அதனாலேயே இரண்டாவது கடமையை நாங்கள் கேட்காமல் விட்டுவிடுகிறோம். ஒரு பெண் பாதுகாப்புக் கேட்டு வரும்போது பொலிஸ் கையை விரித்தால், அந்தக் கை விரிப்பு அரசின் செயல். 12ஆவது உறுப்புரை சட்டத்தின் சமமான பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு என்கிறது, கடன்பட்ட ஆளுக்கு இல்லை என்று அதில் எழுதவில்லை.

மொழி விஷயமும் அப்படித்தான். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று 22ஆவது உறுப்புரை சொல்கிறது, மொழி உரிமை மீறப்பட்டாலும் 126இன் கீழ் போகலாம். தமிழில் எழுதுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதல்ல. விளங்காத ஒன்றில் கையெழுத்து வைக்காதீர்கள், தயவுசெய்து.

உள்ளே போடுவோம் என்ற வெருட்டல் பற்றி: ஒப்பந்தப்படி கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் போடக்கூடாது என்று குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான சமவாயத்தின் 11ஆவது உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1980இலேயே அதில் சேர்ந்துவிட்டது. ஏமாற்றிக் கடன் எடுத்தால் அது வேறு கதை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இங்கே ஒரு சமவாயத்தை அப்படியே நீதிமன்றத்தில் நீட்டி நியாயம் கேட்க முடியாது, உள்நாட்டுச் சட்டத்தில் அது வர வேண்டும். 2006இல் சிங்கராசா என்பவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. அது சரியில்லை என்பது என் கருத்து, ஆனாலும் நிலைமை அதுதான்.

இனி முக்கியமானது, காலம். உயர் நீதிமன்றத்துக்கு மனு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று சட்டம் எழுதினவர்கள் யோசிக்கவில்லை. ஆனால் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 13ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் நீங்கள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. கடிதத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், அதனால் இலக்கம், அவர்கள் அனுப்பும் கடிதம் எல்லாம் பத்திரம்.

வவுனியாவில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஆணைக்குழு தண்டனை கொடுக்காது, சமரசம் பேசும், பரிந்துரை செய்யும், அவ்வளவுதான். அங்கே போய்விட்டோம் என்று சட்டத்தரணியிடம் போகாமல் விட்டுவிடாதீர்கள். கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள். பொலிசுக்குப் போன திகதி, நேரம், உங்களோடு பேசினவரின் பெயர் தெரிந்தால் அது, எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அந்த நேரம் பக்கத்தில் நின்ற அயலவர் ஒருவரையும் எழுதச் சொல்லுங்கள். கேள்வியில் எந்தத் திகதி என்று நீங்கள் போடவில்லை, மாதம் முடிய இன்னும் நாள் இருந்தால் இந்தக் கிழமையே வவுனியாவுக்கு வெளிக்கிடுங்கள் அக்கா.