கிரகணத்தன்று அரிவாள்மனை தொட்டால் உதடு பிளக்குமா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார், வாசிக்கிறேன். "அண்ணாச்சி, எங்கள் பேத்தி உதட்டுப் பிளவோடு பிறந்திருக்கிறாள். மருமகளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது சந்திர கிரகணம் வந்தது. அன்று அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினாள், அதனால்தான் இப்படி ஆயிற்று என்கிறார் என் மாமியார். போன வாரம் காடையையும் கோழியையும் ஒட்டிய ஒரு விஞ்ஞானியைப் பற்றிச் சொன்னீர்களே, அவருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?"

உண்டு. முதலில் மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவளும் கேட்கட்டும்.

பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, ஏழாம் மாதம் என்கிறீர்களே! கரு உண்டான ஏழாவது வார வாக்கிலேயே மேலுதடு கூடிவிடும். வாயின் மேற்கூரையான அண்ணமும் மூன்றாம் மாதத்துக்குள் மூடிவிடும். உங்கள் வீட்டில் கிரகணம் பிடித்தபோது அந்த உதடு கூடாமல் நின்று கிட்டத்தட்ட நான்கு மாதம் ஆகியிருந்தது. வாழைக்காய் பாவம், அதை விட்டுவிடுங்கள்.

இனி காடைக்கு வருகிறேன். அந்த விஞ்ஞானியின் பெயர் நிக்கோல் லெ துவாரன். பிரெஞ்சுக்காரர், 1930இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். நானும் பாளையங்கோட்டையில் விலங்கியல் பாடம் எடுத்தே தலை நரைத்தவன் என்பதால், அவர்மேல் எனக்குக் கொஞ்சம் ஒட்டுதல் அதிகம்.

கருவின் முதுகுப் பக்கத்தில் முதலில் தட்டையாக ஒரு தகடு உண்டாகும். பத்தமடைப் பாயின் இரண்டு ஓரத்தையும் தூக்கிச் சேர்த்துப் பிடித்தால் குழாய்போல் ஆகுமல்லவா, அப்படி அந்தத் தகடும் குழாயாகி, மூளையும் தண்டுவடமும் ஆகிறது. ஓரங்கள் சேரும் விளிம்பிலிருந்து சில செல்கள் கழன்று புறப்பட்டுவிடும். நரம்பு முகடு செல்கள் என்று பெயர். 1868இலேயே வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் கோழிக் கருவில் அந்த விளிம்பைப் பார்த்துவிட்டார். புறப்பட்டவை எங்கே போய் என்னவாகின்றன என்பதுதான் சிக்கல். எல்லாச் செல்லும் ஒரே சாயலில் இருந்தால் எதைப் பின்தொடர்வது?

காடைச் செல்லின் உட்கருவில், சாயமேற்றிப் பார்த்தால், திரண்ட ஒரு பொட்டு தெரியும். கோழிச் செல்லில் அது இராது. 1969இல் லெ துவாரன் இதை வெளியிட்டார். இரண்டு நாள் கோழிக் கருவில் அந்தக் குழாயின் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அதே அளவுக் காடைத் துண்டை வைத்து முட்டையை மூடிவிடுவார். பிறகு பொட்டு வைத்த செல்களைத் தேடுவார். தாடையில் இருந்தன, முகத்து எலும்புகளில் இருந்தன. வெள்ளைக் கோழிக்குஞ்சு சிறகில் மட்டும் காடை நிறத்தோடு பொரிந்தும் வந்தது. நிறம் தரும் செல்களும் அந்த விளிம்பிலிருந்து கிளம்பியவைதான். 1986இல் அவருக்குக் கியோட்டோ பரிசு கிடைத்தது.

ஆக, நம் முகத்தில் பெரும்பகுதி முதுகுப் பக்கத்திலிருந்து நடந்து வந்த செல்கள் கட்டியது. அவை குறைந்தாலும், வந்தும் இரண்டு பக்கமும் கூடாமல் போனாலும் முகத்தில் குறை நிற்கும்.

டிரெச்சர் காலின்ஸ் என்ற கோளாறில் கன்ன எலும்பும் தாடையும் சிறுத்துப் பிறப்பார்கள். அதற்குக் காரணமான மரபணு ஒன்றை 1996இல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் பால் டிரெய்னரின் குழு எலிகளில் ஆராய்ந்தபோது, இந்தச் செல்கள் உருவாகும் இடத்திலேயே ஏராளமானவை மடிவது தெரிந்தது. மடியச் செய்யும் பி53 புரதத்தை அடக்கியதும் குட்டிகள் நல்ல முகத்தோடு பிறந்தன. இது 2008இல் வெளியானது. அப்படி அடக்கும் மருந்தைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமே என்று கேட்காதீர்கள். புற்றுநோய் வராமல் காவல் இருப்பதும் அதே புரதம்தான்.

உங்கள் பேத்தியுடையது, நீங்கள் சொன்னபடி, உதட்டுப் பிளவு. மரபு, புகை, சில வலிப்பு மாத்திரைகள் என்று பல காரணங்கள் சேர்ந்து வருவது, இன்னதென்று ஒன்றைக் காட்ட முடியாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் உதட்டைத் தைத்துவிடுவார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், அண்ணத்திலும் பிளவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் பிள்ளையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது. தலையை உயர்த்திப் பிடித்து, தாய்ப்பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். நர்ஸ் ஒரு தடவை காட்டிக்கொடுத்ததும், அந்த வேலையை உங்கள் மாமியாரிடமே கொடுங்கள். பாலாடை பிடிப்பது அவர்கள் கைக்குத்தான் நன்றாக வரும்.