641 வகுத்த எண்

வணக்கம் நேயர்களே. தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் இது வரும்.

அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இருமடங்காக ஏறும்போது கிடைப்பவை 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணிதவியலர் ஆய்லர் அதை 641-ஆல் மீதியில்லாமல் வகுத்துவிட்டார்.

முரட்டுத்தனமாக வகுத்துப் பார்ப்பதென்றால் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரையுள்ள பகா எண்கள் 6542-ஐயும் சோதிக்க வேண்டும். அவ்வளவு தேவையில்லை. p என்ற பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வையுங்கள். 2-இன் 32-ஆம் அடுக்கை p-ஆல் வகுத்தால் மீதி p-1. அதை அதனாலேயே பெருக்கினால், 64-ஆம் அடுக்கில் மீதி 1. அதற்கு முன்னால் எங்கும் 1 வராது. ஆகவே மீதிகளின் சுழற்சி சரியாக 64 படிகள் நீளம். அந்த நீளம் p-1-ஐ மீதியின்றி வகுத்தாக வேண்டும். இதைச் சொல்வது ஃபெர்மா தந்த தேற்றமேதான்! எனவே p-ஐ 64-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது சோதனையிலேயே விடை.

641-க்கு வகுத்தலே வேண்டாத ஒரு நிரூபணமும் உண்டு; எனக்கு மிகப் பிடித்தது இதுதான். 641 என்பது 5×128+1. அதுவே 625+16-உம் ஆகும். 5×128-ஐ 641-ஆல் வகுக்கும்போது மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625 பெருக்கல் 2-இன் 28-ஆம் அடுக்கு, மீதி 1. இங்கே 625-க்குப் பதில் −16 போடுங்கள். 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. 28-உம் 4-உம் சேர்ந்து 32. ஆக, 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1. 1 கூட்டினால் மீதி பூஜ்யம்.

ஈவு 6700417. அது பகா எண்ணா? அதன் காரணி எதுவும் நம் எண்ணுக்கும் காரணி என்பதால், 128-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்கள் மட்டும் போதும் (64 அல்ல, 128 என்றே இறுக்கலாம், அது பிரெஞ்சுக் கணிதவியலர் எதுவார் லூக்கா காட்டியது). வர்க்கமூலம் 2588 சொச்சம். 257 ஏற்கெனவே விலகிவிட்டது. எஞ்சியவை 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை, பகா எண்ணேதான்.

கணினியில் செய்து பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 32 பிட் முழு எண்ணில் இதைச் சேமித்தால் மேல் பிட் உதிர்ந்து வெறும் 1 என்று நிற்கும். 64 பிட் வேண்டும். ஓர் அடிமானத்தை, எண்ணில் 1 குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது ஒரு பகா எண் சோதனை. அதற்கு அடிமானமாக 2-ஐ எடுத்தால் இந்த எண் பகா எண் போலவே தேறிவிடும், ஏனெனில் இதிலிருந்து 1 கழித்தால் வருவது சுழற்சி நீளமான 64-இன் மடங்கு. 3-ஐ அடிமானமாக எடுங்கள், உடனே பிடிபடும்.