சப்வூஃபர் வாங்கும் முன் அறையை அளந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இப்போது உங்களுக்குக் கேட்கிற என் குரலின் அடிநாதம் விநாடிக்கு 100 அதிர்வுகளைச் சுற்றி இருக்கும். 100 ஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள். கையடக்கமான வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரால் அதைக்கூட முழுதாக எழுப்ப முடியாது. மேலே இருக்கிற ஓசைகளை வைத்து, விட்டுப்போன அடியை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. நான் இன்று பேச வந்திருப்பது அதற்கும் கீழே கிடக்கிற ஒலிகளைப் பற்றி. 80 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிற இரண்டு ஸ்தாயிகள். திரையில் இடி இடிக்கும்போது, ஒரு கட்டடம் சரியும்போது நெஞ்சில் வந்து படுகிற அந்த அழுத்தத்தை மூளையால் கற்பனை செய்துகொள்ள முடியாது. காற்றை உண்மையிலேயே தள்ளியாக வேண்டும். வீட்டில் ஹோம் தியேட்டர் அறை அமைக்கிறவர்கள், அடி ஒலிகளுக்கென்றே செய்த ஸ்பீக்கரான சப்வூஃபரைத் தேடுவது அதற்காகத்தான்.

என்னிடம் ஆலோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். எத்தனை இன்ச் வாங்கலாம், எத்தனை வாட்ஸ் போதும்? நான் திருப்பிக் கேட்பேன்: அறை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், நீங்கள் எங்கே உட்காரப் போகிறீர்கள்? பலருக்கு இது சுற்றி வளைப்பதுபோலத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்வியின் அருமையை நான் என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

என் முதல் சப்வூஃபர் 12 இன்ச். அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். திரைக்குக் கீழே பெட்டியை வைத்தேன். அறைக்கு நட்டநடுவே சோபாவைப் போட்டு உட்கார்ந்தேன். அம்மா பின்பக்க மூலையில் தன் வழக்கமான நாற்காலியில் இருந்தார். படம் ஓட ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். "கொஞ்சம் குறைடா, நெஞ்செல்லாம் அதிருது" என்றார். "எனக்கு ஒண்ணுமே கேட்கலையேம்மா" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஒலியைக் கூட்டினேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போதும் பேஸ் என்கிற அடி ஒலி வரவில்லை. பெட்டி பழுது என்றே நினைத்தேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. ஒரே அறையில், ஒரே பெட்டியிலிருந்து, இரண்டு பேருக்கு இரண்டு விதமான ஒலி போய்க்கொண்டிருந்தது.

ஏன் அப்படி? ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அப்படியானால் 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை 17 மீட்டர் நீளம். 80 ஹெர்ட்ஸில்கூட 4 மீட்டருக்கு மேல். அலை அறைக்கு ஈடாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கிறது. அது சுவரில் மோதித் திரும்பி, தன்மேல் தானே விழுகிறது. சில இடங்களில் இரண்டும் கூடிக் கனத்துப் போகும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இப்படி நகராமல் நின்ற இடத்திலேயே அதிர்கிற அலையை நிலையலை என்பார்கள். 5 மீட்டர் நீள அறையில் முதல் நிலையலை 34 ஹெர்ட்ஸில் வரும். கணக்கு எளிது: 343-ஐ நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். 4 மீட்டர் அகலத்துக்கு 43 ஹெர்ட்ஸ். 3 மீட்டர் உயரத்துக்கு 57. இந்த முதல் நிலையலைகள் எல்லாமே சுவரோரத்திலும் மூலையிலும் உச்சத்தில் இருக்கும், நடுவில் ஏறத்தாழ ஒன்றும் இருக்காது. நான் சோபாவைப் போட்டிருந்தது அந்த ஒன்றுமில்லாத இடத்தில். அம்மாவின் நாற்காலி மூன்று அலைகளும் சேர்ந்து குவிகிற மூலையில்.

ஒலியைக் கூட்டியும் எனக்குக் கேட்காததற்குக் காரணமும் இதுதான். நேராக வருகிற அலையைக் கூட்டினால் திரும்பி வருகிற அலையும் அதே அளவு கூடுகிறது, அழிப்பும் அப்படியே தொடர்கிறது. ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரால் மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அதனால் கடைக்குப் போகும் முன் நீங்கள் எடுக்க வேண்டியது அளவு நாடா. நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இருக்கையை நடுவிலிருந்து நகர்த்த முடியுமா, பின்சுவரில் ஒட்டாமல் போட முடியுமா என்று முதலில் பாருங்கள். அரை மீட்டர் நகர்த்துவதால் கிடைக்கிற பலனைப் பல நேரங்களில் இன்னும் பெரிய சப்வூஃபர்கூடத் தராது.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம்.

சப்வூஃபரின் வேலை காற்றைத் தள்ளுவது. அதனால் கோன் என்கிற, ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பின் பரப்பும், அது முன்னும் பின்னும் நகர்கிற தூரமும்தான் முக்கியம். கோனின் விட்டம் 10 இன்ச்சிலிருந்து 12 இன்ச்சுக்குப் போனால் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. 12-லிருந்து 15-க்கு 56 சதவீதம். இது பெரிதாகத் தெரியும். ஆனால் கீழே இறங்க இறங்க இயற்கை கேட்கிற விலை கடுமையானது. 40 ஹெர்ட்ஸில் கிடைத்த அதே ஒலி அளவு 20 ஹெர்ட்ஸிலும் வேண்டுமென்றால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சக்தி மூன்றையும் ஒன்றாகக் கேட்க முடியாது, ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஸ்பீக்கர் வடிவமைப்பவர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்கிறார்கள். உள்ளங்கையளவு பெட்டி ஒன்று 20 ஹெர்ட்ஸை அதிரடியாகத் தருகிறது என்று விளம்பரம் சொன்னால், இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒலி அளவைச் சொல்கிற அலகு டெசிபல். மின்சக்தியை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. 300 வாட்ஸுக்கும் 500 வாட்ஸுக்கும் இடையே இரண்டு டெசிபலுக்குச் சற்று அதிகமான வித்தியாசம்தான். அதிலும் சிலர் ஒரு நொடி தாங்குகிற உச்ச வாட்ஸைப் பெரிதாக அச்சிடுவார்கள். அதைவிட நான் பார்க்கச் சொல்வது இரண்டு விஷயங்கள். முதலாவது, எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்ற எண்ணோடு கூட்டல் கழித்தல் 3 டெசிபல் என்பது போன்ற ஒரு குறிப்பு இருக்கிறதா என்பது. அந்த எண் வரை ஒலி அளவு 3 டெசிபலுக்கு மேல் ஏறி இறங்காது என்று அதற்கு அர்த்தம். அது இல்லாமல் வெறுமனே 20 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் அந்த எண்ணால் பயனில்லை. 20-இல் ஏதோ முனகல் வந்தாலும் அப்படி எழுதிவிடலாம். இரண்டாவது, சி.டி.ஏ. 2010 என்ற தர அளவீடு. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒலி சிதையாமல் எத்தனை டெசிபல் வரை போகிறது என்பதை அது காட்டும். அதிலும் ஒரு கண் வேண்டும். 1 மீட்டர் தூரத்தில் உச்ச அளவாகச் சொல்கிறவர்கள் உண்டு, 2 மீட்டரில் சராசரி அளவாகச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் 9 டெசிபல் வித்தியாசம். ஒரே முறையில் அளந்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்து, மூடிய பெட்டியா, துளை உள்ள பெட்டியா? சீல்டு, போர்ட்டட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்ட் என்கிற குழாய், கோனின் பின்பக்க அலையையும் வேலைக்கு இழுத்துக்கொள்கிறது. அதனால் அது சுருதி வைக்கப்பட்ட அதிர்வெண்ணைச் சுற்றி அதே சக்தியில் கூடுதல் ஒலி கிடைக்கும். ஆனால் அதற்குக் கீழே ஒலி செங்குத்தாக விழும், ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம். மூடிய பெட்டியில் அந்தச் சரிவு 12 டெசிபல்தான், பெட்டியும் சிறிதாக இருக்கும். மூடிய பெட்டி இசைக்கு, துளைப் பெட்டி படத்துக்கு என்று பலர் பிரித்துச் சொல்கிறார்கள். நான் அப்படிப் பிரிக்க மாட்டேன். நன்றாகச் செய்த எதுவும் இரண்டுக்கும் பொருந்தும். கதவு சாத்திய சின்ன அறை, தன் பங்குக்கு அடி ஒலிகளைச் சற்று உயர்த்திக் கொடுக்கும். அங்கே மூடிய பெட்டியின் மெதுவான சரிவு அழகாகப் பொருந்திப் போகும். அறை பெரிதாகவோ, கதவில்லாமல் இன்னொரு அறையோடு சேர்ந்தோ இருந்தால் அந்த உதவி கிடைக்காது. அங்கே துளைப் பெட்டிக்கே என் ஓட்டு. ஒன்றைக் கவனியுங்கள்: சேர்ந்திருக்கிற அந்த அறையின் கொள்ளளவையும் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். காற்றுக்குச் சுவர்தான் எல்லை, நாம் போடுகிற திரைச்சீலை அல்ல.

கோன் முன்னோக்கிய பெட்டியா, கீழ்நோக்கிய பெட்டியா என்பதைப் பற்றி யோசித்து நேரத்தைச் செலவிட வேண்டாம். இவ்வளவு நீளமான அலைக்கு அது பெரிய விஷயமே இல்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடம். கையில் இருக்கிற பணத்தில் பெரியதாக ஒன்று வாங்கலாம் அல்லது நடுத்தரமாக இரண்டு வாங்கலாம் என்றால், இரண்டாக வாங்குங்கள். சத்தம் கூடும் என்பதற்காகச் சொல்லவில்லை, கூடுவதும் உண்மைதான். 2002-இல் ஹர்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தைச் சேர்ந்த டாட் வெல்டி, செவ்வக அறைக்கு எத்தனை சப்வூஃபர் போதும் என்று ஆராய்ந்தார். இருக்கைக்கு இருக்கை ஒலி மாறுவதைக் குறைக்க நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைப்பது மிக நன்றாக வேலை செய்தது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்ததும் ஏறத்தாழ அதற்கு இணையாக வந்தது. நான்குக்கு மேல் போனால் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. இது ஏன் என்று பார்த்தால் மனதுக்கு நிறைவாக இருக்கும். முன்சுவரிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் காற்றைத் தள்ளும்போது, நீளவாட்டின் அந்த முதல் நிலையலை எழவே வழியில்லாமல் போகிறது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் சரிபாதியில் இருக்கின்றன, அதனால் அகலத்தின் முதல் அலையையும் அவை கிளப்புவதில்லை. என் அறையில் 34-உம் 43-உம் இப்படித்தான் அடங்கின.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றாலும் கவலை இல்லை. வைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரைத் தூக்கி வையுங்கள். அடி ஒலி ஏறி இறங்குகிற ஒரு பாட்டை ஓடவிடுங்கள். அப்புறம் சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போய், எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறது என்று பாருங்கள். அதிகமாக அதிர்கிற இடத்தைத் தேடாதீர்கள், சமமாக இருக்கிற இடத்தைத் தேடுங்கள். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் அந்தப் பாதையில் ஒலி ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆகவே அங்கே பெட்டியை வைத்தால், அதே சமநிலை உங்கள் இருக்கைக்கு வந்து சேரும். அளக்கும் மைக் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அதை வைத்து அளக்க ரூம் ஈ.க்யூ. விஸார்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

இணைத்த பிறகு செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோம் தியேட்டர் ஒலியை 5.1 என்று குறிப்பார்கள். அதில் ஐந்து என்பது மற்ற ஸ்பீக்கர்களின் தடங்கள், அந்தப் புள்ளி ஒன்று, அடி ஒலிகளுக்கென்றே 120 ஹெர்ட்ஸ் வரை ஒதுக்கிய தனித் தடம். சப்வூஃபர் அதை மட்டும்தான் ஒலிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மற்ற ஸ்பீக்கர்களால் தாங்க முடியாத அடி ஒலிகளையும், எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்புகிற பெட்டியான ரிசீவர் இதற்கே திருப்பி அனுப்பும், நீங்கள் அனுமதித்தால். அதற்கு ரிசீவரில் ஸ்பீக்கர்களை ஸ்மால் என்று அமைத்து, ஒலியைப் பிரிக்கிற எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். அதற்கு மேலே போகப் போக, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். சப்வூஃபரின் பின்னால் இருக்கிற கிராஸ்ஓவர் திருகை உச்சத்தில் வைத்து, அந்த வேலையை ரிசீவருக்கே விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஒலி இரண்டு முறை வடிகட்டப்படும். தானியங்கி அளவீடு முடிந்ததும் ரிசீவர் காட்டுகிற தூரம், நீங்கள் நாடாவால் அளந்ததைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதைத் திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள் ஒலி கடந்து வர எடுக்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் அது அப்படிக் காட்டுகிறது.

ஒலி அளவை வைக்கும்போது பொறுமை வேண்டும். 1000 ஹெர்ட்ஸில் கொசு ரீங்காரம் போன்ற மெல்லிய ஒலியையும் பிடிக்கிற நம் காது, 20 ஹெர்ட்ஸில் 75 டெசிபலுக்கு மேல் போனால்தான் ஏதோ இருக்கிறது என்றே உணரும். ஆனால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், சில டெசிபல் கூட்டினாலே ஒலி மளமளவென்று பெருகிவிடும். அதனால் திருகை ஒரு மயிரிழை திருப்பி, இரண்டு நாள் பல படங்களும் பல பாட்டுகளும் கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகுதான் அடுத்த மாற்றம். யாராவது சாதாரணமாகப் பேசுகிற காட்சியில் சப்வூஃபர் இருப்பது உங்கள் கவனத்துக்கு வந்தால், அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

இரவில் பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்துப் பாருங்கள். சப்வூஃபருக்கு அடியில் வைக்கிற ரப்பர் மெத்தைகள் தரையின் கிடுகிடுப்பைக் குறைக்கும், காற்று வழியாகச் சுவரைத் தாண்டுகிற பேஸைத் தடுக்காது. சுவரில் ஒட்டுகிற மெல்லிய ஃபோம் இந்த அலைகளை ஒன்றும் செய்யாது, 40 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே இரண்டு மீட்டர் நீளம். இரவில் அளவைக் குறைப்பது ஒன்றுதான் வழி. நடுத்தரமான பெட்டிகள் இரண்டு சீராக ஒலிக்கிற அறையில், குறைந்த அளவிலும் பேஸ் முழுதாகக் கேட்கிறது. எங்கள் வீட்டில் இப்போது சோபா நடுவிலிருந்து முக்கால் மீட்டர் பின்னால் இருக்கிறது. அம்மாவின் நாற்காலி அதே மூலையில்தான் இருக்கிறது, அதை நகர்த்த அவர் சம்மதிக்கவில்லை. படம் முடியும் வரை அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நன்றி, வணக்கம்.