கொழவிய நிறுத்திட்டு கல்லைச் சுத்தவுட்ட கதை

எல்லாருக்கும் வணக்கமுங்க. மேடையேறிப் பேசியெல்லாம் எனக்குப் பழக்கமில்லீங்க, நான் கிரைண்டர் ரிப்பேர் பாக்கற ஆளு, பீளமேட்டுப் பக்கம் முப்பது வருசத்துக்கு மேல இதே தொழில்தான். வாசகர் வட்டத்துலருந்து வந்து "தொழில்நுட்பம் நம்ம சாப்பாட்டை எப்படி மாத்துச்சு"ன்னு பேசுங்கன்னாங்க, நான் சொன்னேன் ஏனுங்க அதுக்கு காலேஜ் வாத்தியார் யாரையாச்சும் கூப்புடுங்கன்னு, அவிய விடல. சரி, எனக்குத் தெரிஞ்சது இட்லிமாவுதான், அதுல ஆரம்பிக்கறேன், எங்க போய் நிக்குதோ நிக்கட்டும்.

நான் பொறந்தது அவினாசிக்கு அந்தப்பக்கம் ஒரு காட்டு ஊரு. சின்ன வயசுல எங்களுக்கு இட்லிங்கறது நோம்பிப் பலகாரம். தீவாளிக்கு உண்டு, பொங்கலுக்கு உண்டு, மாப்பிள்ளை விருந்து வந்தா உண்டு, மத்த நாளெல்லாம் கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி, வெடியால பழையசோத்துல மோரு ஊத்தி ஒரு சின்ன வெங்காயம், அவ்ளோதான். தீவாளிக்கு முந்துன நாள் ராத்திரி எங்க அம்மிச்சி, அம்மாவோட அம்மா, ஆட்டாங்கல்லு முன்னாடி காலை நீட்டி உக்காந்தா எந்திரிக்க மூணு மணி நேரம் ஆகும். ஒரு கை கொழவிய சுத்தும், இன்னொரு கை மாவைத் தள்ளிவுடும், நடுவுல தண்ணி தெளிக்கணும், எங்களுக்கு நாளைக்கு இட்லிங்கற சந்தோசம், அம்மிச்சிக்குத் தோள்பட்டை வலி. இட்லி ஏன் நோம்பிக்கு மட்டும்னு கேட்டீங்கன்னா அரிசி கெடைக்காததும் ஒரு காரணம்தான், ஆனா அரிசி இருந்த வீட்டுலயும் தெனமும் சுடல. தெனமும் மூணு மணி நேரம் ஆட்டறதுக்கு எந்தப் பொம்பளைக்கு ஒடம்புல தெம்பு இருக்கும், காட்டு வேலைக்கும் போய்ட்டு வந்து?

இப்ப எல்லா வீட்டுலயும் தெனம் இட்லி இல்லாட்டி தோசை. குழந்தைங்க "இன்னைக்கும் இட்லியா"ன்னு மூஞ்சியச் சுளிக்குது. நோம்பிப் பலகாரம் சலிச்சுப்போற பலகாரமா மாறுனது என் ஒரு ஆயுசுக்குள்ள நடந்துருக்கு, இதை மாத்துனது எந்த சமையல்காரரும் இல்லீங்க, மோட்டாரு.

அந்த மோட்டார் ஏன் கோயமுத்தூர்ல கெடந்துச்சுன்னு கொஞ்சம் பாக்கணும். 1932ல நீலகிரியில பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பிச்சுது, அந்தக் கரண்டு கீழ எறங்கி வந்து மில்லுங்களைப் பெருக்குச்சு, மில்லு இருந்தா பட்டறை, பட்டறை இருந்தா பவுண்டரி, அப்புறம் கெணத்துக்கு பம்ப்செட்டு வேணும். 1937ல ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேந்து மோட்டார் செஞ்சாங்க, இந்தியாவுலயே செஞ்ச முதல் மோட்டாருன்னு அதைச் சொல்லுவாங்க. இப்படி ஊரெல்லாம் மோட்டாரும் லேத்தும் தெரிஞ்ச கைங்க நெறஞ்சு கெடக்கற இடத்துல, ஒவ்வொரு வீட்டுலயும் பொம்பளைங்க ராத்திரி உக்காந்து மாவாட்டிட்டு இருந்தா யாருக்காச்சும் பொறி தட்டத்தானே செய்யும்? 1955ல சபாபதின்னு ஒருத்தர் மொத கிரைண்டரைச் செஞ்சாரு.

அதுல ஒரு சூட்சுமம் இருக்குங்க, எத்தனை தடவை பிரிச்சு மாட்டுனாலும் எனக்கு அது சலிக்கல. கையில ஆட்டறப்ப கல்லு அசையாது, கொழவி சுத்தும். மெசின்ல அதை அப்படியே தலைகீழாக்கி, கொழவியப் புடிச்சு ஒரு இடத்துல நிறுத்திட்டு கல்லைச் சுத்தவுட்டாங்க. அம்மிச்சியோட வலது கைதான் மோட்டார், மாவைத் தள்ளிவுட்ட எடது கை இருக்குல்ல, அதுதான் உள்ள மாட்டியிருக்கற அந்தத் தகடு. ரெண்டு கையும் உள்ளயே இருக்கு. கல்லு ஊத்துக்குளிப் பக்கத்துல இருந்து வரும், நல்ல கல்லுன்னா தட்டுனா மணி மாதிரி சத்தம் கேக்கணும். கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடெல்லாம் வாங்கியாச்சு, நம்மூரு ஆளுங்களுக்கே பாதிப் பேருக்கு இது தெரியாது.

மிக்சியில ஆட்டக் கூடாதான்னு கேப்பீங்க. மிக்சி வேற கதை, 1963ல மாத்தூர்னு ஒருத்தர், சீமென்ஸ் கம்பெனியில இருந்த இஞ்சினியர், அவரு வீட்டம்மாவோட ஜெர்மன் மிக்சி நம்ம மசாலாவுக்குத் தாங்காம கெட்டுப்போச்சுன்னு அவரே ஒண்ணு செஞ்சு சுமீத்துன்னு பேரு வச்சாரு. சட்னிக்கு அது ராஜா. ஆனா மிக்சி பிளேடு நிமிசத்துக்கு 18,000 சுத்து, 20,000 சுத்து போகும், மாவு சூடாயிரும். கல்லு நூத்துச் சொச்சம் சுத்துதான், நசுக்கி நசுக்கி அரைக்கும், உளுந்து காத்தை உள்ள வாங்கிப் பஞ்சு மாதிரி பொங்கும். மாவு பொங்கறது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்க வேலை, உளுந்துலயும் அரிசியிலயுமே அது ஒட்டிட்டு வருது, வாயுவை வுடுது, உளுந்தோட வழவழப்பு அந்த வாயுவைப் புடிச்சு வச்சுக்குது. மாவு சூடானா இந்தப் பக்குவம் கெட்டுப்போகும். அதான் மிக்சியில ஆட்டுன இட்லியத் தூக்கி சொவத்துல அடிச்சா சொவரு உடையுது. (சிரிக்காதீங்க, எங்க வீட்டுலயே நடந்துருக்கு, நான் ரிப்பேருக்காரன் வீட்டு கிரைண்டர் மூணு வாரமா ரிப்பேரு.)

மொதல்ல கிரைண்டர் ஊருக்கு ஒண்ணுதான் வந்துச்சு. அரிசி ஊறவச்ச குண்டாவத் தூக்கிட்டுப் போய் வரிசையில வச்சு, படிக்கு இத்தனை காசுன்னு குடுத்து ஆட்டிட்டு வருவோம், அந்த வரிசையில பேசாத ஊர்ப்பேச்சே இல்ல. அப்புறமேல் சின்ன கிரைண்டர், மேடை மேல வைக்கற டேபிள்டாப்பு, அப்புறம் 2011 செப்டம்பர்ல அரசாங்கமே ரேஷன் கார்டுக்கு மிக்சி, கிரைண்டர், ஃபேன்னு குடுக்க ஆரம்பிச்சுது. அதே வருசம் ஜூன்லருந்து ரேஷன் அரிசியும் இலவசம். சோத்துக்குப் புடிக்காதுன்னு சொல்லுவாங்களே அந்த அரிசி, இட்லிக்கு அருமையா வரும். அரிசியும் வந்துருச்சு மெசினும் வந்துருச்சு, ஆனா பாருங்க 2012ல நம்மூருல கரண்டு ஒரு நாளைக்குப் பாதி நேரம் இல்ல! நடு ராத்திரி கரண்டு வந்துச்சுன்னா தெருவுல எல்லா வீட்டு கிரைண்டரும் ஒண்ணா ஓடும், பூமியதிர்ச்சி மாதிரி. இலவசம்னு கேலி பேசுனவங்களுக்கு நான் சொல்றது இதான், உங்க வீட்டுல மாவாட்டுனது யாருன்னு யோசிச்சுட்டுப் பேசுங்க. அதை வாங்கிட்டுப் போன அம்மணிங்க மூஞ்சிய நான் பாத்திருக்கேன்.

ஃப்ரிட்ஜ் வந்தது இன்னொரு திருப்பம். முன்னெல்லாம் மொத நாள் இட்லி, ரெண்டாம் நாள் தோசை, மூணாம் நாள் புளிச்சுதுன்னா பணியாரம், மாவே மெனு போட்டுச்சு. ஃப்ரிட்ஜ் வந்தப்புறம் ஞாயித்துக்கிழமை ஆட்டி வாரம் பூரா ஓட்டறாங்க. அடுத்து பாக்கெட் மாவு, 2005ல பெங்களூர்ல முஸ்தபான்னு ஒருத்தர் அவரு சொந்தக்காரப் பசங்களோட சேந்து ஒரு சின்ன ரூம்ல ஆரம்பிச்ச 'ஐடி'ங்கற கம்பெனி மாவு இன்னைக்கு வெளிநாடு வரைக்கும் போகுது. தெருமுக்குல மாவுக்கடை, அங்கயும் சாய்ச்சு மாவை ஊத்தற ஒரு பெரிய டில்டிங் கிரைண்டர் ஓடும், அதை ஓட்டறதும் முக்காவாசி ஒரு அம்மாதான். இதுலதாங்க நான் இன்னைக்குச் சொல்ல வந்த விசயமே இருக்கு. மெசின் வந்ததும் வேலை காணாமப் போயிருச்சுன்னு நெனைக்கறோம், போகல, கை மாறிருச்சு. அம்மிச்சி கையில இருந்தது மோட்டாருக்குப் போச்சு, வீட்டுல இருந்தது மாவுக்கடைக்கார அம்மாவுக்குப் போச்சு, இப்ப பாக்கெட் வாங்கக்கூட எறங்காம போனைத் தட்டுனா ஒரு தம்பி பைக்குல கொண்டாந்து தர்றான்.

போன்ல சாப்பாடு வரவைக்கற அந்த டெலிவரி ஆப் வந்தது சாப்பாட்டையே மாத்துது, கவனிச்சீங்களா? தோசைங்கறது கல்லுலருந்து எடுத்து ரெண்டு நிமிசத்துல திங்கற பண்டம். அதை டப்பாவுல போட்டு மூடி சிக்னல் சிக்னலா நின்னு கொண்டு வந்தா ஆவியில நனைஞ்சு துணி மாதிரி ஆயிருது. பிரியாணிக்கு அந்தப் பிரச்சனை இல்ல, மூடி வச்சா இன்னும் தம் ஏறும். ஸ்விக்கிக்காரங்க வருசா வருசம் போடற பட்டியல்ல பிரியாணியே மொதல்ல வர்றதுக்கு ருசி மட்டும் காரணம்னு நான் நம்பல, பைக்குல அரை மணி நேரம் தாங்குதுல்ல. எது பயணம் தாங்குதோ அதுதான் இனி ஓட்டல் சாப்பாடுன்னு ஆயிரும் போலருக்கு.

குடிக்கறதுக்கு வர்றேன், நேரமாச்சுன்னு அங்க கையக் காட்டறாங்க. நம்மூரு சிறுவாணித் தண்ணி உலகத்துலயே ரெண்டாவது ருசின்னு சொல்லுவோம், போட்டி எங்க நடந்துச்சு யாரு மார்க் போட்டாங்கன்னு கேக்காதீங்க. அந்தத் தண்ணி வர்ற வீட்டுலயே தண்ணியச் சுத்தம் பண்ற ஆர்ஓ மெசின் மாட்டியிருக்காங்க. ஒரு வீட்டுல கிரைண்டர் பாக்கப் போனப்ப கரைஞ்ச உப்பை அளக்கற, பேனா மாதிரி இருக்கற டிடிஎஸ் மீட்டரை கொழாத்தண்ணியில முக்கிப் பாத்தா 100 கூட காட்டல. தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் சரின்னு தரக்கட்டுப்பாட்டுக்காரங்களே சொல்றாங்க. ஆர்ஓ கெட்டதுன்னு சொல்லலீங்க, 1959 வாக்குல கலிபோர்னியாவுல லோப்னு ஒருத்தரும் நம்ம நாட்டுல பொறந்த சௌரிராஜனும் சேந்து அதுக்குள்ள உப்பை வடிகட்டற சவ்வைக் கண்டுபுடிச்சது கடல்தண்ணியக் குடிதண்ணியாக்கறதுக்கு. மெட்ராஸ்ல நெம்மேலியில அதே முறையில கடலைக் குடிச்சுட்டுதான் இருக்காங்க, 2019ல ஜோலார்பேட்டையிலருந்து ரயில்ல தண்ணி கொண்டுபோன ஊருக்கு அது வேணும். எங்க காட்டு போர்வெல் தண்ணிக்கும் வேணும், அதுல பருப்புப் போட்டா எத்தனை விசில் வுட்டாலும் வேகாது, உப்பு பருப்பை இறுக்கிப் புடிச்சுக்கும். ஆனா சிறுவாணிக்கு எதுக்கு? ஒரு லிட்டர் எடுக்க ரெண்டு மூணு லிட்டர் சாக்கடைக்குப் போகுது. கேட்டா அந்த அம்மணி சொல்லுது, "அண்ணா, எல்லா வீட்டுலயும் இருக்குதுங்ணா".

ஆர்ஓ இல்லாத வீட்டுக்கு 20 லிட்டர் கேன். அதைத் தோள்ல தூக்கிட்டு மூணாவது மாடி ஏறுற பையனைப் பாருங்க, லிஃப்டுல வராதேன்னு சில அபார்ட்மென்ட்ல போர்டே வச்சிருக்காங்க. முன்னாடி கொடம் எடுத்தது எங்கம்மா இடுப்பு, இப்ப அவன் தோளு.

அம்மிச்சியோட ஆட்டாங்கல்லு இன்னும் எங்க வீட்டு வாசல்ல கெடக்குதுங்க. மழைத்தண்ணி நிக்கும், காக்கா வந்து குடிக்கும். போன மாசம் பேத்தி கேட்டா இதுல ஆட்டிப் பாக்கலாமான்னு, சரின்னு கழுவி உக்கார வச்சேன். கொழவி வழுக்குது, கல்லு மழுங்கிக் கெடக்கு, கொத்தணும். "ஆட்டாங்கல்லு கொத்தறதேய்"னு தெருவுல கத்திட்டு வருவாங்களே, அவங்கள்ல ஒருத்தரைத் தேடி ரெண்டு வாரம் அலைஞ்சேன், கெடைக்கல. கடைசியில நானே உளியெடுத்து உக்காந்தேன், முப்பது வருசம் கல்லோட இருந்தவன், எனக்கே கை வரல. இங்க யாருக்காச்சும் கல்லு கொத்தற ஆளைத் தெரிஞ்சா கூட்டம் முடிஞ்சதும் நம்பர் குடுத்துட்டுப் போங்க. அடுத்தவருக்கு நேரம் வுடறேன், கிரைண்டர் சத்தம் பத்தி கேள்வி இருந்தா டீ குடிக்கறப்ப கேளுங்க.