பேனாவைக் கீழே வை, முதலில் கேள்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வகுப்பில் கைகொடுக்கிற மாதிரி நாலு விஷயம் சொல்லுங்கள் என்று மதுரை வானொலி நிலையத்தார் கேட்டார்கள். நாலையும் குறித்துத்தான் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் முதல் விஷயத்துக்கே கடிகாரம் போதாது என்று இப்போதே தெரிகிறது, ஏனென்றால் அந்த முதல் விஷயம் டிக்டேஷன். அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது.

டிக்டேஷன் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். டீச்சர் ஐந்து வார்த்தை சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள், தப்பானதைப் பத்துத் தடவை இம்போசிஷன் எழுத வேண்டும். நமக்குத் தெரிந்த டிக்டேஷன் இவ்வளவுதான். அதற்குச் சரியான பெயர் ஸ்பெல்லிங் டெஸ்ட். முந்தின நாள் மனப்பாடம் செய்த பிள்ளை அதில் காதையே பயன்படுத்த வேண்டியதில்லை. நான் சொல்லும் டிக்டேஷன் முழு வாக்கியங்களால் ஆனது. ஆறாம் வகுப்பு என்றால் ஐம்பது, அறுபது சொற்கள் உள்ள ஒரு சின்னப் பத்தி. ஒன்பதாம் வகுப்புக்கு எண்பது முதல் நூறு சொல். வாரத்தில் மூன்று நாள், அட்டெண்டன்ஸ் எடுத்த கையோடு பத்தே நிமிடம்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம்? கணக்குப் பாருங்கள். நாற்பது நிமிடப் பீரியட், நாற்பது பிள்ளைகள். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி ஒரு கேள்வி கேட்டால், கேள்வியும் பதிலும் சேர்ந்து ஆளுக்கு ஒரு நிமிடம். மீதி முப்பத்தொன்பது நிமிடம் அந்தப் பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். டிக்டேஷனில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியானாலும் சரி, நகரத்தில் அறுபது பேர் அடைந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பானாலும் சரி, சாக்பீஸ் கூடத் தேவையில்லை.

இப்போது வாசிக்கும் முறை. மூன்று தடவை வாசிக்க வேண்டும், மூன்று தடவைதான். முதல் தடவை பேனா கீழே. பேச்சு வேகத்தில் முழுப் பத்தியையும் வாசியுங்கள், பிள்ளைகள் கேட்க மட்டும் வேண்டும். இரண்டாம் தடவை, மூன்று நாலு சொற்கள் சேர்ந்த துண்டு துண்டாகச் சொல்லி நிறுத்துங்கள். எவ்வளவு நேரம் நிறுத்துவது? நீங்களும் மேஜையில் அதே துண்டை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி முடித்தபின் மனசுக்குள் அதை இன்னொரு தடவை சொல்லுங்கள். அதுதான் இடைவெளி. மூன்றாம் தடவை மறுபடியும் முழுதாக, விட்டதைப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ள.

எங்கே கெட்டுப்போகிறது என்றால் அந்த இரண்டாம் தடவையில். பாவம், பிள்ளைகள் திணறுகிறார்களே என்று டீச்சர் இரக்கப்பட்டு, ஷீ... வென்ட்... டு... தி... என்று ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் போடுவார். அப்படி யாரும் பேசுவதில்லையே! இயல்பான பேச்சில் 'டு' என்பது 'ட' என்று சுருங்கும், 'அண்ட்' என்பது வெறும் 'ன்' ஆகிவிடும். அந்தச் சுருக்கத்தைக் கேட்டுப் பழகத்தான் இந்தப் பயிற்சியே. பிய்த்துப் போட்டால் பயிற்சி போச்சு. 'டீச்சர், இன்னொரு தடவை' என்று வகுப்பே கத்தும். சொல்லக் கூடாது. நாலாம் தடவை உண்டு என்று தெரிந்துவிட்டால் முதல் மூன்று தடவையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். கடைசிவரை இந்த ஒரு வாக்கியம்தான், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 'யெஸ்டர்டே மை கிராண்ட்மதர் வாக்ட் டு தி மார்க்கெட் அண்ட் பாட் சம் ஜாஸ்மின்.' பாட்டி நேற்று மார்க்கெட்டுக்கு நடந்துபோய் மல்லிகை வாங்கினார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். பதினொரு சொல், மூன்று துண்டு. நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் என்னென்ன வரும்?

ஒரு பிள்ளை 'ஜாஸ்மின்' எழுதும்போது கடைசி எழுத்தான 'ஈ'யை விட்டிருக்கும். இன்னொன்று 'வாக்ட்' என்பதை 'வாக்' என்று வெறுமனே எழுதியிருக்கும். மூன்றாவது, 'பாட்' என்று வாங்கியதைச் சொன்னால், பானை என்ற பொருள் தரும் 'பாட்' எழுதியிருக்கும். நாலாவது 'தி'யையே விட்டிருக்கும். டீச்சர் சிவப்புப் பேனாவால் நாலையும் ஒரே மாதிரி அடித்துவிட்டு, ஆளுக்கு 'ஒரு தப்பு, பதினொன்றுக்குப் பத்து' என்று போட்டுவிடுவார். நாலும் ஒரே நோய் இல்லை, மருந்தும் ஒன்று இல்லை.

ஜாஸ்மினில் எழுத்து விட்ட பிள்ளைக்குக் காது சரியாக இருக்கிறது, சொல்லும் தெரியும், ஸ்பெல்லிங் மட்டும் வரவில்லை. அதுதான் ஆகச் சின்னத் தப்பு. நம் ஊரில் அதைத்தான் ஆகப் பெரிதாக்குகிறோம்.

'வாக்' எழுதிய பிள்ளையைப் பாருங்கள். 'வாக்ட் டு' என்று வேகமாகச் சொல்லும்போது இரண்டு 'ட்' ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் அந்த இடத்தில் இறந்தகால விகுதி தனியாகக் காதில் விழாது. அப்படியானால் அவர் எப்படிச் சரியாக எழுதுகிறார்? முன்னால் 'யெஸ்டர்டே' வந்துவிட்டதே! காதில் விழாததை இலக்கணம் நிரப்புகிறது. இந்தப் பிள்ளைக்கு அந்த இலக்கணம் இன்னும் கைக்கு வரவில்லை. பத்துத் தடவை இம்போசிஷன் எழுதினாலும் வராது. 'எப்போது நடந்தது, முதல் சொல்லைப் பார்' என்று காட்டினால் அதுவே திருத்திக்கொள்ளும்.

இந்த விகுதியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இடைச்செருகல்தான். பிள்ளைகள் பலர் 'வாக்கெட்', 'ப்ளேயெட்' என்று வாசிப்பார்கள். எழுத்தில் இருப்பதால் அந்த 'எ'யைச் சொல்லிவிடுகிறார்கள். வினைச்சொல் ஆங்கில 't' அல்லது 'd' ஒலியில் முடிந்தால்தான் அந்தக் கூடுதல் அசை வரும். 'வான்டட்', 'நீடட்' மாதிரி. மற்றபடி 'வாக்ட்', 'ப்ளேய்ட்', அவ்வளவுதான். நீங்கள் 'வாக்கெட்' என்றே டிக்டேஷன் கொடுத்தால் பிள்ளை சரியாக எழுதிவிடும், ஆனால் வெளியே யாராவது இயல்பாகப் பேசினால் புரியாது.

அடுத்து அந்தப் பானை. இது காது விஷயம். சொல்லின் தொடக்கத்தில் வரும் 'p', 'b' என்ற இரண்டு ஒலிக்கும் தமிழில் ஒரே 'ப'தான். பாடப்புத்தகத்தில் ஆங்கில வரிக்கு மேல் பென்சிலால் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பன்றியும் பெரியதும் 'பிக்' என்றே இருக்கும், குண்டூசியும் குப்பைத்தொட்டியும் 'பின்' என்றே இருக்கும். பிரிட்டனில் அச்சாகும் பயிற்சிப் புத்தகங்கள் ஒரு தந்திரம் சொல்லும். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுத் தாளைப் பிடி, குண்டூசி சொன்னால் தாள் ஆடும், குப்பைத்தொட்டி சொன்னால் ஆடாது. நம் வகுப்பில் செய்துபாருங்கள், பெரும்பாலும் இரண்டுக்கும் தாள் சும்மா இருக்கும். நாம் அந்த ஒலியை அவ்வளவு காற்று விட்டுச் சொல்வதில்லை, டீச்சரும் சேர்த்துத்தான். நமக்கு ஒத்துவருவது தொண்டையில் கை வைத்துப் பார்ப்பது. குப்பைத்தொட்டி சொல்லும்போது முதல் எழுத்திலேயே விரலில் அதிர்வு தெரியும், குண்டூசிக்குக் கொஞ்சம் தாமதித்து உயிரெழுத்தில்தான் தெரியும். அப்புறம் விளையாட்டு. வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு பத்துச் சொல் சொல்லுங்கள், பன்றி என்றால் இடது கை, பெரிய என்றால் வலது கை. மூன்று நிமிடம் போதும். கண்ணை மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கை தூக்கும்.

எந்த நோய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். தப்பாக எழுதிச் சரியாக வாசித்தால் ஸ்பெல்லிங். எழுதியபடியே தப்பாக வாசித்தால் காதோ இலக்கணமோ. மறுபடி சொல்கிறேன், திருத்தும் முன் வாசிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணும் சரியாக எழுதிய சொற்களுக்குத்தான். தப்பை எண்ணாதீர்கள்.

சரி, உட்கார்ந்தே எழுதிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். வாரத்தில் ஒரு நாள் ஓட விடுங்கள். ஆறு வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் எழுதி வராண்டாச் சுவரில் ஒட்டுங்கள். வகுப்புக்குள்ளிருந்து தெரியக் கூடாது. நாலு பேர் ஒரு குழு. ஒருவர் ஓடிப்போய் ஒரு வாக்கியத்தை மனசில் வாங்கி வந்து சொல்ல, ஒருவர் எழுத, மற்ற இருவரும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓடுபவரும் எழுதுபவரும் மாற வேண்டும். இதைக் கறாராகச் சொல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளையே ஆறு தடவையும் ஓடும். நாற்பது பேர் என்றால் பத்துக் குழு, பத்துப் பேர் ஒரே தாளில் முண்டுவார்கள், அதனால் நாலு பிரதி ஒட்டுங்கள். சுவரருகிலிருந்து கத்திச் சொன்னால் அந்த வாக்கியம் செல்லாது. தமிழில் வந்து சொன்னாலும் செல்லாது. சத்தம் வரும், ஆகவே தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பெரிய வகுப்புகளுக்கு இன்னொரு வகை உண்டு. ஆஸ்திரேலியாவின் ரூத் வாஜ்ன்ரிப் 1990-ல் விரிவாக எழுதிப் பரப்பியது, டிக்டோகிளாஸ் என்பார்கள். இயல்பான வேகத்தில் இரண்டே தடவை வாசிப்பீர்கள். இதில் முழு வாக்கியம் எழுத நேரமே இருக்காது. பாட்டி, மார்க்கெட், ஜாஸ்மின் என்று முக்கியமான சொற்களை மட்டும் பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் நாலு நாலு பேராக உட்கார்ந்து அந்தச் சொற்களை வைத்து வாக்கியத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். அங்கேதான் 'தி' வருமா, 'டு' வருமா, 'வாக்'கா 'வாக்ட்'டா என்று சண்டை வரும். அந்தச் சண்டையில் தலையிடாதீர்கள். மூலத்தைக் கடைசியில்தான் கரும்பலகையில் எழுத வேண்டும். வாசிக்கும் பத்தி ஐந்தாறு வரியைத் தாண்டினால் தொலைந்தது, யாருக்கும் ஒன்றும் நினைவிருக்காது.

மூன்று, நாலாம் வகுப்புக்கு எழுதுவதற்குப் பதில் வரையச் சொல்லலாம். மேஜை மேலே பந்து, மேஜை அடியில் பூனை. தமிழில் மேலும் அடியும் பெயருக்குப் பின்னால் வரும், ஆங்கிலத்தில் முன்னால். பூனை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படத்தைப் பார்த்தாலே யாருக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

நிலையத்தார் கையைக் காட்டிவிட்டார்கள். மிச்ச மூன்று விஷயத்தில் ஒன்றையாவது ஓட்டமாகச் சொல்கிறேன், ஆசிரியர் பயிற்சி. தென் மாநில ஆசிரியர்களுக்காகப் பெங்களூருவில் 1963 முதல் ஆங்கில நிறுவனம் ஒன்று இயங்குகிறது, வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். எல்லாருக்கும் வராது. அங்கே கற்றது மாவட்டத்துக்கு, வட்டாரத்துக்கு, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்துக்கு என்று இறங்கி வருவதற்குள் செய்துபார்க்கும் பகுதி உதிர்ந்து, சொற்பொழிவு மட்டும் மிஞ்சும். அதனால் குறுவள மையக் கூட்டத்துக்கு மூன்று டீச்சர்கள் ஒரே பத்தியை டிக்டேஷன் கொடுத்து, ஆளுக்குப் பத்து நோட்டுக் கொண்டுபோங்கள். ஸ்பெல்லிங், காது, இலக்கணம் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். எந்தக் குவியல் பெரிது என்று பார்த்துவிட்டு அடுத்த மாதப் பாடத்தை யோசிக்கலாம்.

தனியாகச் செய்ய ஒன்று. போனை மேஜையில் வைத்துப் பத்து நிமிட வகுப்பைப் பதிவுசெய்து, வீட்டில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எண்ணுங்கள்: கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருந்தீர்கள்? அமெரிக்காவின் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது. கேட்டுவிட்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பாதீர்கள், திரும்பினால் பிள்ளை பதில் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துவிடும்.

பாட நோட்ஸ் விஷயமும் வீட்டுப்பாட விஷயமும் அப்படியே நிற்கின்றன. இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.